வெள்ளிக் கட்டியும் செய்தோன் பெயரும்

ஒரு பொருளைக் கண்டவுடன் அதன் விலையைக் கேட்பது உலக இயற்கை. அதனைச் செய்தவன் யாவன் என்று கேட்பார் நூற்றுவருள் ஒருவரும் அரியர். பிறர் கேளாதொழிந்தால் ஒழிக. உலையும் உரைகல்லுமே குலதனமாக வாழ்ந்த நம் மரபினரும் அக்கேள்வியைக் கேளாதிருத்தல் தகுமோ? இவ்வினாவை நம் உள்ளத்தில் எழுப்பிய நிகழ்ச்சி ஒன்று நம் ஊராகிய கல்லங்குறிச்சியில் நேர்ந்தது. அதனை முன்னர்க் கூறி, அதுபற்றி நாம் ஆராய்ந்தறிந்த சரித்திரச் செய்திகளைப் பின்னர் எடுத்துரைக்கப் புகுகின்றோம். நம் சங்கத்து அன்பர்களும் தாய்மார்களும் பொறுமையுடன் கேட்பார்களாக.

கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயிலில் இராமநவமிப் பெருவிழா நடைபெறுங் காலத்தில் வெளியூர்களிலுள்ள உறவினர் பலரும் வந்து கூடுவது வழக்கம். அவ்வாறு கூடிய நாளொன்றில், நமக்குப் பெரியம்மை முறையினராகிய மூதாட்டியார் ஒருவர், முந்தானை முடிச்சை அவிழ்த்து மூன்று சிறு வெள்ளிக் கட்டிகளை நம் கையில் வைத்தார். "தம்பி, நீ நாலெழுத்துப் படித்தவன். இவை யார் வார்த்தவை என்று பார்த்துச் சொல்லப்பா" என்றார்.

அவர்தம் கணவனார் காலம் வரையில் அவ்வீட்டில் பட்டறை இருந்தது. பிள்ளைகள் வேறு தொழில் மேற்கொண்டமையால், இன்று உலை மூட்டுவார் இல்லை. பெட்டியில் முதலில் ஐந்து கட்டிகள் இருந்தனவாம். ஓராண்டுக்கு முன், பேரப்பிள்ளையின் படிப்புச் செலவுக்காக மூத்த மைந்தர் இரண்டினை எடுத்து வெளியூர்க் கடையொன்றுக்குக் கொண்டு சென்றார். கடைக்காரர் புரட்டிப் பார்த்து, "இதில் முத்திரை இல்லை, யார் செய்தது என்று தெரியாது, உருக்கிப் பார்த்துத்தான் விலை சொல்ல முடியும்" என்று கூறி, அன்றே உருக்கி, நாள் விலையில் முக்காற்பங்கே கொடுத்தனுப்பினார். விலை குறைந்தமை பற்றிப் பெரியம்மையார் வருந்தினாரில்லை. "யார் செய்தது என்று தெரியாதாமே! நம் வீட்டுப் பெட்டியில் இருந்ததற்கு அப்படி ஒரு சொல்லா?" என்பதே அவர் மனத்தில் முள்ளாகத் தைத்திருந்தது. எஞ்சிய மூன்றும் அவ்வழியே போகாமுன் அறிய வேண்டும் என்பது அவர் விருப்பம்.

அம்மூன்றனுள் ஒன்று புதியது. எந்திரத்தால் அடித்த கூர்மையான விளிம்பும், கண்ணாடி போன்ற முகமும், ஒரு நிறுவனத்தின் பெயரும், 999 என்னும் எண்ணும், 50 கிராம் என்னும் எடைக் குறிப்பும் அதில் இருந்தன. மற்றை இரண்டும் பழையவை. சுண்டுவிரல் நீளமும் அதனினும் சிறிது மிக்க அகலமும் உடையவை. எழுத்தேதும் இல்லை. ஒரு மூலையில் மிளகளவான பூ ஒன்று மாத்திரம் அழுந்தியிருந்தது. கடைக்காரர் முத்திரை இல்லை என்றது எழுத்து இல்லாமையைக் கருதிப் போலும்!

இனி, இத்தகைய கட்டிகளைச் செய்தாரை அறியும் நெறி யாது? முதற்கண் தெளிய வேண்டுவது ஒன்று உண்டு. கட்டியின்மேற் காணும் பெயரெல்லாம் செய்தவன் பெயர் ஆகிவிடாது. செய்தவன் பெயராகவும் இருக்கலாம். மாற்று ஆய்ந்து சான்று கூறினவன் பெயராகவும் இருக்கலாம். விற்ற வணிகன் பெயராகவும் இருக்கலாம். பொருளுக்கு உடையவன் பெயராகவும் இருக்கலாம். இந்நால்வரையும் வேறு பிரித்தறியாதார் புத்தகம் விற்ற கடையின் பெயரைப் புலவன் பெயராகக் கொள்வாரோடு ஒப்பர்.

வெள்ளிக் கட்டியில் குறியிடும் வழக்கம் மிகப் பழமையானது. நம் பாரதநாட்டின் வடமேற்கே காந்தார நாட்டில், கி.மு. 5, 4 ஆம் நூற்றாண்டுகளில், சற்றே வளைந்த சிறு வெள்ளிப் பாளங்கள் நாணயமாக வழங்கின. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 11 கிராம் எடை. இருமுனைகளிலும் ஆரக்கால் போன்ற முத்திரை அழுத்தப்பட்டிருக்கும். தட்சசீலத்தில் இவை கிடைத்துள்ளன. இவற்றை அடுத்துப் பாரதநாடெங்கும் பரவியவை சூரியன், மலை, மரம், யானை முதலிய பல உருக்களைத் தனித்தனியே பொறித்த முத்திரை வெள்ளிக் காசுகள். அவற்றில் அரசன் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. ஆயினும் அறிஞர் சோர்ந்தாரில்லை. நம் தமிழ்நாட்டுப் போடிநாயக்கனூரில் கிடைத்த காசுகளின் பின்புறத்தே மீன் போன்ற குறி இருத்தலைக் கண்டு, அவை பாண்டியர் வெளியிட்டவை என்று துணிந்தனர். கணிதப் பேராசிரியராகிய டி. டி. கோசாம்பி, தட்சசீலத்துக் காசுகளை ஒவ்வொன்றாக நுண்ணிய தராசில் நிறுத்தார். கைமாறுந்தோறும் காசு தேய்ந்து எடை குறையும் ஆதலின், எடைக் குறைவை அளந்து, எவ்வகை முந்தியது, எவ்வகை பிந்தியது என்று வரிசைப்படுத்தினார். எழுத்தில்லாத வெள்ளியும், கேட்கத் தெரிந்தார்க்குத் தன் வரலாற்றைச் சொல்லும் என்பதற்கு இவை சான்றாம்.

பெயர் எழுதிய கட்டியும் உண்டு. 1777 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரத்துக் கோபுரக் கோட்டையில் நிலத்தைத் தோண்டியபோது, இருபுறமும் கோடாரி போல விரிந்த வெள்ளிக் கட்டி ஒன்று கிடைத்தது. உரோமப் பேரரசர் ஆர்க்கேடியஸ், ஹொனோரியஸ் ஆகியோரின் பொற்காசுகளும் உடன் கிடைத்தமையால், அஃது ஏறத்தாழ கி.பி. 400 ஆம் ஆண்டினது எனத் தெரிகின்றது. "ஹொனொரீனஸ் என்பானது பட்டறையினின்று" என்னும் பொருள்படும் இலத்தீன் எழுத்துக்கள் அதன் நடுவே பொறிக்கப்பட்டுள்ளன. அந்த ஹொனொரீனஸ் எவ்வூரினன், எவ்வாறு வாழ்ந்தான் என்பதனை உலகம் அறியாது. அக்காலத்து அரசரும் மறைந்தனர்; பேரரசும் சிதைந்தது. ஒரு முத்திரையால் அப்பட்டறையாளன் பெயர் மட்டும் பதினாறு நூற்றாண்டு கடந்தும் நிற்கின்றது.

சீனநாட்டிலோ, தோணி வடிவான வெள்ளிக் கட்டிகளே பெருவணிகத்துக்குப் பணமாக நெடுங்காலம் வழங்கின. அவற்றுள் பலவற்றின் முகத்தில் ஊர், ஆண்டு, உருக்கிய உலைக்கூடம் ஆகிய பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கும். மாற்றுக் குறைந்தால் இன்ன உலைக்கூடத்தாரே பொறுப்பாளர் என்று பிடித்து வினவுதற்கு அஃது உதவிற்று. 1933 ஆம் ஆண்டில் அந்நாட்டரசு கட்டி வெள்ளி வழக்கை நிறுத்தி, வெள்ளி நாணயத்தையே பணமாக நிலைநாட்டிற்று.

இங்கிலாந்து தேயத்தின் வரலாறு நம்மவர் மிக நன்கு அறிய வேண்டுவது. 1300 ஆம் ஆண்டில் முதலாம் எட்வர்டு அரசன், ஆயிரத்தில் 925 பங்கு தூய்மையுள்ள வெள்ளியையே விற்க வேண்டும் என்றும், தட்டார் கூட்டத்தின் மேற்பார்வையாளர் சோதித்துச் சிறுத்தைத் தலை முத்திரையிட்ட பின்னரே அது வெளிச்செல்ல வேண்டும் என்றும் சட்டம் செய்தான். 1363 ஆம் ஆண்டில், தலைமைத் தட்டான் ஒவ்வொருவனும் தனக்கென ஒரு குறி வைத்திருக்க வேண்டும் என்று மற்றொரு சட்டம் எழுந்தது. எழுத்தறிந்தார் சிலரேயான அக்காலத்தில் அக்குறிகள் பெரும்பாலும் பூ, பறவை, மீன் முதலிய உருக்களாகவே இருந்தன. 1478 ஆம் ஆண்டு முதல் தட்டார் சங்கத்து மன்றத்தில் வைத்தே சோதனை நிகழ்ந்து, ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் உடன் பொறிக்கப்பட்டது. மன்றத்தில் இடப்பட்ட குறி ஆதலின் அது ஹால்மார்க் எனப்பட்டது. இன்று நம் நகைக்கடைகளில் நாள்தோறும் வழங்கும் அச்சொல், தொழிலாளர் சங்கம் ஒன்றின் மன்றத்தில் பிறந்த சொல் என்பதனை நம் சங்கத்தார் நினைவிற்கொள்க.

நிற்க. நம் தமிழகத்து நிலை யாது? மதுரைக்கு அருகிலுள்ள தேனூரில் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த பொற்கட்டிகள் கிடைத்தன. அவ்வெழுத்தில் கோதை என்னும் பெயர் காணப்படுகின்றது. அது வார்த்தவன் பெயரோ, உடையவன் பெயரோ என்பது எளிதில் துணியத்தக்கதன்று. மேலே நால்வரை வேறு பிரித்துக் கூறினோமே, அதன் அருமை இங்கே விளங்கும்.

இதனினும் நம் நெஞ்சைக் குளிர்விப்பது கடல் கடந்த நாட்டிலே உள்ளது. தாய்லாந்து தேசத்தின் தென்பகுதியில் கிராபி மாகாணத்தைச் சேர்ந்த குவான் லுக் பட் என்னும் இடத்தில் சிறியதோர் உரைகல் கிடைத்தது. கி.பி. 3 அல்லது 4 ஆம் நூற்றாண்டினது என்று அறிஞர் கருதும் அக்கல்லில், "பெரும்பதன் கல்" எனத் தமிழ் எழுத்தால் எழுதப்பட்டுள்ளது. பெரும்பத்தனது உரைகல் என்பது அதன் பொருள். பொன்வேலை செய்வாரைப் பத்தர் என்று இன்றும் தமிழகத்தார் அழைக்கின்றனர் அன்றோ? தமிழ்ப் பொற்கொல்லன் ஒருவன் ஆயிரத்தறுநூறு ஆண்டுகளுக்கு முன்னே மரக்கலம் ஏறிச் சென்று, அயல்நாட்டில் அமர்ந்து, தன் கருவியில் தன் பெயரை எழுதி வைத்தான். அவன் செய்த அணி ஒன்றேனும் நமக்குக் கிடைத்திலது. அவன் பெயர் கிடைத்தது. பெயர் எழுதும் பழக்கம் நம்மவர்க்கு இல்லாத ஒன்றன்று என்பதனை இஃது ஐயமற நாட்டும்.

குறியில்லாத பொருளால் விளைந்த கேட்டினை நம் காப்பியமே உரைக்கின்றது. சிலப்பதிகாரத்தில், கோவலன் கையிலிருந்த சிலம்பு கோப்பெருந்தேவியின் சிலம்பே என்று வஞ்சகன் ஒருவன் சொல்ல, அதனை ஆராயாது கொண்ட வேந்தன் ஓர் உயிரைக் கொள்வித்தான். கண்ணகி சிலம்பை உடைத்த பின்னரே, உள்ளிருந்து மாணிக்கம் தெறிக்க, அரசியின் சிலம்பில் முத்து உள்ளமையால் வேறுபாடு புலனாயிற்று. அந்தோ! உடைத்துக் காணவேண்டாதவாறு வெளியே ஓர் அடையாளம் இருந்திருப்பின், கோவலனும் வீழ்ந்திரான், பாண்டியனும் வீழ்ந்திரான், மதுரையும் எரிந்திராது. அக்கதையைச் சுட்டி நம் தொழிலினரைப் பழிப்பார் சிலர் உளர். பழிப்புக்கு விடை சினம் அன்று. செய்யும் பொருள்தோறும் பெயர் பொறித்து, "இதற்கு யான் பொறுப்பு" என்று நிற்பதே தக்க விடையாம்.

சோழர் காலத்தில் எடையிலும் மாற்றிலும் இருந்த கண்டிப்பு வியக்கத்தக்கது. தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுக்களில், இராசராச சோழன் வழங்கிய பொன், வெள்ளிப் பாத்திரங்களின் எடைகள் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று நுணுக்கமாகக் குறிக்கப்பட்டுள்ளன. 2 குன்றி ஒரு மஞ்சாடி. 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. பொன்னை ஆடவல்லான் என்னும் எடைக்கல்லாலும், மணியணிகளைத் தட்சிணமேருவிடங்கன் என்னும் எடைக்கல்லாலும் நிறுத்தனர். தண்டவாணி என்பது பொன்னின் மாற்றுக்கு அளவாக விளங்கிற்று. கோயில் எடுத்த குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் பெயரும் அங்கே கல்லில் நின்று ஒளிர்கின்றது. ஆனால் பொன், வெள்ளிப் பட்டியல்களிலோ கொடுத்தார் பெயரும் எடையுமே முதன்மை பெறுகின்றன. வனைந்த கைகளின் பெயரைத் தேடுவார்க்கு ஏமாற்றமே மிஞ்சுகின்றது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்நிலை மற்றொரு வடிவெடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையில் பி. ஆர் அண்டு சன்ஸ் முதலிய ஐரோப்பியக் கடைகள் வெள்ளிச் சாமான்களை விற்றன. தெய்வ உருவங்களைப் புடைத்தெழச் செய்த சுவாமி வேலைப்பாட்டுப் பாத்திரங்கள் சீமை வரை புகழ் பெற்றன. இங்கிலாந்தைப் போன்ற கட்டாய முத்திரைச் சட்டம் அன்று நம் நாட்டில் இல்லை. ஆதலின் அப்பாத்திரங்களின் அடியிற் காணப்படுவது பெரும்பாலும் கடையின் பெயரே. உளி பிடித்த தமிழ்க் கையின் பெயர் காணப்படுவதில்லை. இன்று அருங்காட்சியகத்தில் அவற்றைக் காண்பார் கடையின் பெயரைப் படித்து மகிழ்ந்து செல்கின்றனர். இது கடைக்காரரைக் குறைகூறும் உரை அன்று. அவர் தம் பெயருக்குத் தாம் பொறுப்பேற்றனர். நம் முன்னோர் தம் பெயரை வையாது போயினர் என்பதே நாம் வருந்தும் செய்தி.

சிறு வெள்ளிக் கட்டிகளைச் சேகரிக்கும் ஆசை இக்காலத்தில் பரவியுள்ளது. 1970 ஆம் ஆண்டையடுத்து அமெரிக்க நாட்டில் தனியார் அச்சகசாலைகள் பல தோன்றி, 31.1 கிராம் எடையுள்ள ஒரு அவுன்சுக் கட்டிகளில் படங்களும் பண்டிகை வாழ்த்துக்களும் பொறித்து விற்றன. 1980 ஆம் ஆண்டு சனவரியில் வெள்ளி விலை அவுன்சு ஒன்றுக்கு 50 டாலரை நெருங்கவே, மக்கள் தம் கட்டிகளை உருக்கக் கொடுத்தனர். அதே ஆண்டு மார்ச்சு 27 ஆம் நாள் விலை சரிந்து வீழ்ந்தது. அச்சாலைகளிற் பல பின்னர் மூடப்பட்டன. ஆதலின் எஞ்சிய கட்டிகளிலுள்ள சிறு குறியைக் கொண்டு இன்ன சாலை வார்த்தது என்று தேடுவதே அங்குச் சேகரிப்பார்க்கு ஒரு கல்வியாக ஆயிற்று. பெரியம்மையார் நம்மிடம் கேட்ட கேள்வியையே அவர்களும் கேட்கின்றனர் காண்க!

நம் நாட்டில் இந்தியத் தர நிறுவனம் 2000 ஆம் ஆண்டில் பொன் நகைக்கும், 2005 ஆம் ஆண்டில் வெள்ளிக்கும் ஹால்மார்க் முறையைத் தொடங்கிற்று. 2025 செப்டம்பர் 1 முதல், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்கத் தனி அடையாளத்தை வெள்ளிக்கும் இடும் முறை, விரும்புவார் மேற்கொள்ளத்தக்கதாக வந்துள்ளது. பேரளவில் வெள்ளி சுத்திகரிக்கும் ஆலைகளும் தம் கட்டிகளில் தம் பெயர், தூய்மை, எடை, வரிசை எண் முதலியவற்றைப் பொறிக்கின்றன. சான்றாக, அரியானா மாநிலத்தில் 2008 ஆம் ஆண்டில் தோன்றிய எம்.எம்.டி.சி.-பாம்ப் நிறுவனத்தைக் கூறலாம். அப்பெயரில் முற்பகுதி இந்திய அரசு நிறுவனத்தையும், பிற்பகுதி சுவிட்சர்லாந்து தேசத்துச் சுத்திகரிப்பு ஆலையையும் குறிக்கும். இவ்வாறு ஒரு பெயருள் இரு நாட்டார் அடங்குவதும் உண்டு. ஆதலின் பெயரைப் படித்தலோடு அமையாது, அதன் விரிவையும் அறிதல் வேண்டும்.

இனி நம் பெரியம்மையாரின் கட்டிகளுக்கு வருவோம். புதிய கட்டியில் ஐயம் ஒன்றும் இல்லை. பெயரும் எண்ணும் வாங்கிய சீட்டோடு பொருந்தின. நிறுத்தபோது 50 கிராம் சரியாக நின்றது. பழைய இரண்டனையே நாம் ஒழுங்காக ஆராய்ந்தோம்.

முதலாவது எடை. நுண்தராசில் ஒன்று 57.6 கிராமும், மற்றொன்று 57.4 கிராமும் நின்றன. இக்காலத்துக் கிராம் கணக்கில் இவை முழு எண்ணாகா. பழைய ரூபாய் எடையாகிய தோலாவோ 11.66 கிராம். ஐந்து தோலா 58.3 கிராம். இரண்டு கட்டிகளும் ஐந்து தோலாவுக்குச் சற்றே குறைவாக இருத்தலைக் கண்டோம்.

இரண்டாவது மாற்று. அரியலூரில் எக்ஸ் கதிர்க் கருவியால் சோதிப்பித்தோம். ஆயிரத்தில் ஏறத்தாழ 920 என்று காட்டிற்று. ஆயினும் அக்கருவி மேற்பரப்பை மட்டுமே காணும். வெள்ளியைப் புளி நீரிலோ அமிலத்திலோ இட்டு வெளுப்பாக்கினால், மேலுள்ள செம்பு நீங்கி, மேற்பரப்பு உள்ளிருப்பதனினும் தூயதாகத் தோன்றும். இது நம்மவர் அறியாததன்று. ஆகவே நீரிலும் நிறுத்துப் பார்த்தோம். தூய வெள்ளி தன் கன அளவுள்ள நீரைப்போல் 10.49 மடங்கு கனமுடையது. செம்பு 8.96 மடங்கு. நம் கட்டிகள் 10.3 மடங்கு என்று நின்றன. ஆகவே உள்ளும் புறமும் ஏறத்தாழ ஒன்றே என்பது தெளிவாயிற்று.

மூன்றாவது, இவ்விரண்டினையும் இயைத்துக் காண்டல். 1835 ஆம் ஆண்டுச் சட்டப்படி வழங்கிய வெள்ளி ரூபாய் ஒரு தோலா எடையும், பன்னிரண்டில் பதினொரு பங்கு, அதாவது ஆயிரத்தில் 916.7 பங்கு வெள்ளியும் உடையது. 1940 ஆம் ஆண்டில் இது மாறி, வெள்ளி சரிபாதியாகவும், செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5 பங்காகவும் கலந்த ரூபாய் வந்தது. 1947 ஆம் ஆண்டில் வெள்ளியே இல்லாத நிக்கல் ரூபாய் வந்தது. பாதி வெள்ளி ரூபாயை உருக்கியிருப்பின் நீரெடை 9½ மடங்கினை ஒட்டியே நின்றிருக்கும். எனவே இக்கட்டிகள், கைபட்டுத் தேய்ந்த பழைய வெள்ளி ரூபாய் ஐந்தைந்தாக மூசையிலிட்டு உருக்கி வார்த்தவை என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகின்றது. காசு தேய்ந்த குறைவே கட்டியின் எடைக் குறைவு. கோசாம்பியார் தராசு நமக்கும் உதவிற்று.

நான்காவது வார்ப்பு. மேல்முகம் நடுவிற் சற்றே குழிந்தும், அடிமுகமும் பக்கங்களும் அச்சின் கீறல்களுடனும் இருந்தன. இரண்டு கட்டிகளிலும் ஒரே இடத்தில் ஒரே சாய்ந்த கீறல். ஆதலின் இரண்டும் ஒரே இரும்பு அச்சில் வார்த்தவை.

ஐந்தாவது அந்தப் பூ. உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்கியபோது, ஆறிதழ்ப் பூவில் ஐந்து இதழ்கள் முழுமையாகவும், ஓரிதழ் நுனி மழுங்கியும் இருந்தன. இரண்டு கட்டிகளிலும் அவ்வாறே. அஃதாவது, பூவைப் பொறித்த உளியிலேயே அவ்விதழ் சிதைந்திருத்தல் வேண்டும். அவ்வுளி எங்கே உளதோ, அங்கே செய்தோன் உளன்!

"பெரியம்மா, வீட்டில் பழைய கருவிகள் ஏதேனும் இருக்கின்றனவா?" என்று வினவினோம். "உங்கள் பெரியப்பாவின் பெட்டி பரண்மேல் கிடக்கிறது தம்பி. அவருக்கும் அது அவர் அப்பாவிடமிருந்து வந்தது. துருப்பிடித்த இரும்பை யார் வாங்குவார் என்று பிள்ளைகள் அப்படியே போட்டு வைத்திருக்கிறார்கள்" என்றார். இறக்கிப் பார்த்தோம். ஊதுகுழல், இடுக்கி, சிறு சுத்தி, பட்டைச் சாமணம், எடைக்குரிய குன்றிமணிகள், நீண்ட பள்ளமுள்ள இரும்பு அச்சு ஒன்று, துணியிற் சுற்றிய உளிகள் பதினேழு. ஒவ்வொன்றையும் எண்ணெயிட்டுத் துடைத்து ஈயத் தகட்டில் அடித்துப் பார்த்தோம். பதினோராவது உளியை எடுத்து ஒரு தட்டுத் தட்டியபோது, ஈயத்தில் மலர்ந்தது ஆறிதழ்ப் பூ. ஓரிதழ் மழுங்கியிருந்தது. இரும்பு அச்சின் பக்கத்தே சாய்ந்த கீறலும் இருந்தது.

பெரியம்மையார் ஈயத்தையும் கட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "இது எங்கள் வீட்டுப் பூவா!" என்றார். பின்னர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அருகில் நின்ற மூத்த மைந்தர் தலை கவிழ்ந்தார். அவரை நாம் குறை கூறோம். படிப்புச் செலவுக்கு விற்றது குற்றமன்று. உருக்குமுன் ஒருவரும் கேளாததே குறை. தன் தந்தையோ பாட்டனோ இட்ட கையெழுத்தைத் தான் அறியாமலே உலைக்குக் கொடுத்தோமே என்னும் துயரம் அவர் முகத்தில் இருந்தது. போன இரண்டும் போயின. நின்ற இரண்டும் நின்றன. அவற்றை வார்த்தவர் பெரியப்பாவோ, அவர்தம் தந்தையாரோ என்று பிரித்துக் கூறச் சான்று இல்லை. அவ்வீட்டுப் பட்டறையே வார்த்தது என்பது மட்டும் உறுதி.

அன்பர்காள்! இத்தகைய பெட்டிகள் நம்மவர் வீட்டுப் பரண்களில் எத்தனை கிடக்கின்றனவோ! பெரும் ஆலைகள் தம் பெயரைத் தாமே காத்துக்கொள்ளும். பூவும் புள்ளியும் இட்டுச் சென்ற நம் முன்னோர்க்கு நாம் அன்றி வேறு யார் உளர்? ஆதலின் நாம் வேண்டிக்கொள்வன நான்கு.

முதலாவது, பழைய கட்டியையோ அணியையோ விற்க நேரின் விற்க; ஆனால் உருக்குமுன் அதன் எடையையும் குறியையும் எழுதி, படமும் எடுத்து வைக்க. இரண்டாவது, முன்னோர் உளிகளைப் பழைய இரும்பென்று எறியாது, ஒவ்வொன்றையும் ஈயத்திலோ அரக்கிலோ அழுத்தி, ஊர், குடும்பம், ஏறத்தாழக் காலம் ஆகியவற்றோடு நம் சங்கத்துக்கு அனுப்புக. நூறு குறிகள் சேரின் அதுவே ஒரு குறிநூல் ஆகும். பின்வரும் ஆராய்ச்சியாளர்க்கு அகராதியாக உதவும். மூன்றாவது, இன்றும் பட்டறை நடத்துவார், கடைக்காரர் பெயர் ஒருபுறம் இருப்பினும், தம் குறியையும் ஒரு மூலையில் இடுக. அரசாங்கத்து முத்திரை மாற்றுக்குச் சான்று. உம் குறி உம் கைக்குச் சான்று. நான்காவது, புதிய கட்டி வாங்குவார், பளபளப்பைக் கண்டு மயங்காது, பெயர், மாற்று, எடை, எண் ஆகிய நான்கினையும் சீட்டோடு ஒத்துப் பார்த்து வாங்குக. ஜெர்மன் சில்வர் என்று விற்பதில் வெள்ளி அணுவளவும் இல்லை. அது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவையே என்பதனையும் மறவற்க.

பெரியம்மையார் அவ்வுளியைத் துணியிற் சுற்றி, இரண்டு கட்டிகளோடும் ஒரே பேழையில் வைத்துள்ளார். உடன் ஒரு தாளில் நாம் கண்டவற்றையெல்லாம் எழுதி வைத்தோம். அத்தாளின் கீழே மூத்த மைந்தரின் மகள், ஒன்பது வயதுச் சிறுமி, ஆறிதழ்ப் பூ ஒன்றை வரைந்தாள். ஓரிதழை மறவாமல் சிறிதாகவே வரைந்தாள்.

பெரும்பத்தன் கல்லில் எழுதி வைத்தான். ஹொனொரீனஸ் வெள்ளியில் அடித்து வைத்தான். கல்லங்குறிச்சிப் பட்டறையான் பூவாகப் பொறித்து வைத்தான். அவர்தம் பெயரைப் படிக்கும் கடமை நம்முடையது. அதனைச் செய்ய எல்லாம் வல்ல இறைவன் நம் சங்கத்தார்க்கு ஊக்கம் அருள்வானாக.